பட்டைக்குறி அறியாத நூல்கள்: தோட்டப்புறத் தமிழ் நூல்களும் இயந்திர நூலடைவும்

1. முன்னுரை

நூல்களைப் பட்டியலிடும் பணி நெடுங்காலம் நூலகருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அந்நிலை இன்று மாறிவிட்டது. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகங்களில் 2000ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்த கோஹா, 2005ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற லைப்ரரிதிங், 2006ஆம் ஆண்டு ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகம் வெளியிட்ட சோட்டெரோ ஆகிய மென்பொருள்கள், தனியொருவரும் சிறு மன்றமும் தம் நூல்களைத் தாமே அடைவுபடுத்த வழிவகுத்தன. பட்டைக்குறி வருடி இப்பணியை மேலும் விரைவுபடுத்தியது. நூலின் பின்னட்டையிலுள்ள கோடுகளின்மீது ஒளி பட்டவுடன் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு முதலிய விவரங்கள் திரையில் தோன்றுகின்றன. இன்று கைப்பேசியின் ஒளிப்படக் கருவியே வருடியாகவும் செயற்படுகின்றது.

இவ்வசதியின் பயனை மறுப்பார் இலர். எனினும், எந்நூல்களுக்கு இது பயன்படுகின்றது, எந்நூல்களை இது காணாது விடுகின்றது என்னும் வினா தமிழுலகில் போதிய அளவு எழுப்பப்படவில்லை. மலேசியத் தமிழ் நூல்களைப் பொறுத்தவரை இவ்வினா மிக இன்றியமையாதது. நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ரெம்பாவ் மாவட்டத்தில், சிரம்பானிலிருந்து தம்பின் செல்லும் சாலையில் அமைந்துள்ள பெடாஸ் போன்ற தோட்டப்புற வட்டாரங்களில் எஞ்சியுள்ள தமிழ் நூல்களை மனத்திற் கொண்டு, பட்டைக்குறி வருடியையும் நூலடைவு மென்பொருளையும் மதிப்பிட இக்கட்டுரை முற்படுகின்றது. முன்னோர் கையால் தொகுத்த நூலடைவுகளின் நெறி இம்மதிப்பீட்டிற்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றது.

2. வருடி எதனைப் படிக்கின்றது?

முதலில் ஒரு தெளிவு தேவை. பட்டைக்குறி வருடி நூலைப் படிப்பதில்லை. ஓர் எண்ணை மட்டுமே படிக்கின்றது. பட்டைக்குறி வணிகத் தேவைக்காகப் பிறந்தது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துப் பல்பொருள் அங்காடி ஒன்றில் 1974ஆம் ஆண்டு ஜூன் மாதம் 26ஆம் நாள் மெல்லும் கோந்துப் பொட்டலம் ஒன்று வருடப்பட்டதே பொதுப் பொருட்குறி முறையின் தொடக்கம் என்பர். புத்தக உலகில் அதற்கு முன்னரே ஒரு எண் முறை இருந்தது. 1970ஆம் ஆண்டு அனைத்துலகத் தர அமைப்பு ஏற்றுக்கொண்ட ஐ.எஸ்.பி.என். எனப்படும் நூல் எண் பத்து இலக்கங்களைக் கொண்டிருந்தது. பின்னர் அதன் முன்னே 978 என்னும் முன்னொட்டு இடப்பட்டுப் பட்டைக்குறியாக அச்சிடப்பட்டது. 2007ஆம் ஆண்டு ஜனவரி முதல் பதின்மூன்று இலக்க எண்ணே முறையான நூல் எண்ணாயிற்று.

இவ்வெண்ணில் முன்னொட்டை அடுத்து நாடு அல்லது மொழிப் பகுதியைக் குறிக்கும் இலக்கங்கள் வரும். இந்தியாவிற்கு 81, 93 ஆகியனவும் இலங்கைக்கு 955, 624 ஆகியனவும் சிங்கப்பூருக்கு 9971, 981 ஆகியனவும் மலேசியாவிற்கு 967, 983, 629 ஆகியனவும் வழங்கப்பட்டுள்ளன. அதன்பின் பதிப்பகத்தைக் குறிக்கும் இலக்கங்களும் நூலைக் குறிக்கும் இலக்கங்களும் அமைய, இறுதியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் நிற்கும். பதின்மூன்று இலக்க முறையில் ஒன்றுவிட்டொன்றாக 1, 3 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகை பத்தால் மீதமின்றி வகுபட வேண்டும். வகுபடவில்லையெனில் எண்ணை எங்கோ தவறாகப் படித்துள்ளோம் என்பது புலனாகும்.

இவ்வளவே எண்ணிலுள்ள செய்தி. தலைப்பும் ஆசிரியர் பெயரும் எண்ணில் இல்லை. மென்பொருள் அவ்வெண்ணைத் தொலைவிலுள்ள ஒரு தரவுத்தளத்திற்கு அனுப்பி, அங்கு எவரோ ஒருவர் முன்னரே எழுதி வைத்த குறிப்பைப் பெற்று வருகின்றது. அக்குறிப்பு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பட்டியலாளர் எழுதியதாக இருக்கலாம். புத்தக வணிக நிறுவனத்தின் ஊழியர் தட்டச்சிட்டதாகவும் இருக்கலாம். ஆகவே, வருடி என்பது முன்னரே அறியப்பட்ட நூலை மீண்டும் அடையாளங்காணும் கருவி. எவரும் இதுவரை விவரித்து எழுதாத நூலின் முன் அதனால் ஆவது ஒன்றுமில்லை. இவ்வரையறையை மறவாதிருந்தால் இக்கருவியின் நிறைகுறைகளைச் சரியாக எடைபோட இயலும்.

3. தோட்டப்புறப் பெட்டி ஒன்று

பெடாஸ் வட்டாரத் தோட்டம் ஒன்றில் இயங்கி நின்றுபோன மன்ற நூலகத்தின் நூல்கள் ஒரு பெட்டியில் கிடைப்பதாகக் கொள்வோம். இஃது ஆய்வின் பொருட்டுக் கற்பித்துக்கொண்ட எடுத்துக்காட்டே. ஆயினும் தோட்டப்புறங்களை அறிந்தவர்க்கு அப்பெட்டியில் என்னென்ன இருக்கும் என்பது வியப்பன்று. அவற்றை ஐந்து வகையாகப் பகுக்கலாம்.

முதலாவது வகை, தமிழகத்திலிருந்து வந்த நாவல்களும் கட்டுரைத் தொகுதிகளும். மு. வரதராசன், அகிலன், நா. பார்த்தசாரதி ஆகியோரின் நூல்கள் மலாயாத் தமிழரிடையே பரவலாகப் படிக்கப்பட்டவை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அச்சான படிகளில் நூல் எண் இராது. அவற்றின் தலைப்பைத் தட்டச்சிட்டுத் தேடினால் மென்பொருள் பிற்காலப் பதிப்பின் குறிப்பைக் கொண்டுவந்து நிறுத்தும். பட்டியலிடுவோர் அதனை அப்படியே ஏற்றுக்கொண்டால், 1956இல் ஒரு தோட்டத் தொழிலாளி படித்த நூல் 2008இல் வெளியானதாகப் பதிவாகும். கையிலுள்ள நூலைக் காட்டிலும் திரையிலுள்ள குறிப்பை நம்புவதால் விளையும் பிழை இது.

இரண்டாவது வகை, மலேசிய எழுத்தாளர் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு வெளியிட்ட நூல்கள். பதிப்பகப் பெயரே இல்லாமல் ஆசிரியரின் வீட்டு முகவரியும் அச்சகத்தின் பெயரும் மட்டுமே இவற்றுட் பலவற்றில் காணப்படும். மூன்றாவது வகை, மலர்கள். கோயில் திருவிழா மலர், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், இளைஞர் மணிமன்ற மலர், தொழிற்சங்க அறிக்கை ஆகியன இவ்வகையின. நூல் எண் பெற வேண்டும் என்னும் எண்ணமே இவற்றை வெளியிட்டவர்க்கு எழுந்திராது. நான்காவது வகை, பாடநூல்களும் நாளிதழ்த் துணுக்குகளைத் தைத்துக் கட்டிய ஏடுகளும் கையெழுத்துப் படிகளும். ஐந்தாவது வகை, அண்மைக் காலத்தில் வெளிவந்து பின்னட்டையில் பட்டைக்குறி தாங்கிய நூல்கள்.

வருடியைக் கையிலேந்தியவர் இவற்றுள் எதனை முதலில் எடுப்பார்? ஐயமின்றி ஐந்தாவது வகையை. அரைமணி நேரத்தில் அவ்வகை முழுவதும் பதிவாகிவிடும். மற்ற நான்கும் 'பின்னர்ப் பார்க்கலாம்' என ஒதுக்கப்படும். அந்தப் 'பின்னர்' வருவதற்குள் கறையான் வந்துவிடுகின்றது. அல்லது தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டம் எழுந்துவிடுகின்றது. எளிதிற் பதிவாகும் நூல்கள் உலக நூலகங்கள் பலவற்றில் ஏற்கெனவே இடம்பெற்றவை. பதிவுக்கு இணங்காத நூல்களோ அப்பெட்டியைத் தவிர வேறெங்கும் இல்லாதவையாக இருக்கக்கூடும். எனவே, உழைப்பு முதலிற் செல்ல வேண்டிய திசைக்கு நேர் எதிராக இக்கருவி நம்மை ஈர்க்கின்றது.

இதன் விளைவு ஒரு பெட்டியோடு நின்றுவிடுவதில்லை. இவ்வாறு ஆக்கப்பட்ட பட்டியல்களைக் கொண்டு எதிர்காலத்தில் ஒருவர் மலேசியத் தமிழரின் வாசிப்பு வரலாற்றை எழுதப் புகுந்தால், அவ்வரலாறு நூல் எண் பரவலான காலத்தில் தொடங்குவதாகத் தோன்றும். 1887ஆம் ஆண்டின் 'சிங்கை நகர் அந்தாதி'யும் 1917ஆம் ஆண்டின் 'கருணாகரன் அல்லது காதலின் மாட்சி'யும் 1930ஆம் ஆண்டின் 'நவரச கதா மஞ்சரி'யும் இலக்கிய வரலாற்று நூல்களில் இடம்பெற்றுவிட்டமையால் அவை தப்பின. பெயர் தெரியாத தோட்டப் புலவரின் பதிகமும் வில்லுப்பாட்டும் அவ்வாறு தப்புவதற்கு வழியில்லை.

4. மென்பொருளின் கட்டங்களும் தமிழ் நூலின் இயல்பும்

வருடியைத் துறந்து, விவரங்களைக் கையால் தட்டச்சிட முற்பட்டாலும் இடர்ப்பாடுகள் தீர்ந்துவிடுவதில்லை. மென்பொருள் தரும் கட்டங்கள் ஒரு குறிப்பிட்ட நூல் மரபை மனத்திற் கொண்டு வரையப்பட்டவை. தமிழ் நூல் அக்கட்டங்களில் அடங்காத இடங்கள் நான்கினை இங்குக் குறிப்பிடலாம்.

முதலாவது, பெயர். மேற்கத்திய முறையில் இயற்பெயரும் குடும்பப் பெயரும் தனித்தனிக் கட்டங்கள் பெறுகின்றன. தமிழர் பெயரில் முன்னிற்கும் தலைப்பெழுத்து தந்தையின் பெயரைக் குறிப்பது. அது குடும்பப் பெயரன்று. 'மு. வரதராசன்' என்பதை இரு கட்டங்களிற் பிரித்தால் 'மு.' என்பது இயற்பெயரின் இடத்தில் அமர்கின்றது. அகரவரிசைக்கு இதனால் கேடில்லை எனினும் பொருள் பிறழ்கின்றது. சோட்டெரோவில் பெயரை ஒரே கட்டத்தில் இடும் வசதி உண்டு. அதனைப் பயன்படுத்துவதே நம் பெயர் மரபுக்கு ஏற்றது. மலேசியச் சூழலில் இன்னொரு சிக்கலும் சேர்கின்றது. ஓர் ஆசிரியர்க்குத் தமிழ் அட்டையில் ஒரு பெயரும், பதிப்புரிமைப் பக்கத்தில் பிறப்புச் சான்றிதழின்படி அமைந்த உரோமன் எழுத்துப் பெயரும், நூலகப் பட்டியலில் ஒலிபெயர்ப்பு விதிப்படி அமைந்த மூன்றாவது வடிவமும் அமைகின்றன. பிறப்பைப் பதிந்த எழுத்தர் தம் காதிற் பட்டவாறு எழுதிய வடிவமே பல தோட்டப் பிள்ளைகளின் அலுவலகப் பெயராக நிலைத்தது. இவ்வடிவங்களோடு புனைபெயரும் சேருமாயின் ஒரே எழுத்தாளர் நால்வராகத் தோற்றமளிப்பார். இவர் அவரே என்று அறுதியிட்டுக் கூறுதல் ஆய்வாளரின் கடமை. அதனை எந்த மென்பொருளும் செய்து தராது.

இரண்டாவது, காலம். பழைய நூல்களும் கோயில் மலர்களும் 'துன்மதி வருடம் தை மாதம்' என்றாற்போல் காலத்தைக் குறிக்கும். அறுபதாண்டு வட்டத்தில் துன்மதி 1921-22ஆகவும் இருக்கலாம், 1981-82ஆகவும் இருக்கலாம். தமிழாண்டு சித்திரையில் பிறப்பதால், தை மாதம் என்றால் பின்னைய ஆங்கில ஆண்டே கொள்ளத்தக்கது. திருவள்ளுவர் ஆண்டு குறித்த நூல்களில் 31 ஆண்டுகளைக் கழிக்க வேண்டும். மென்பொருளின் ஆண்டுக் கட்டமோ நான்கு இலக்க ஆங்கில ஆண்டையே எதிர்பார்க்கின்றது. பட்டியலிடுவோர் தாம் கணித்த ஆண்டை அக்கட்டத்தில் இட்டு, நூலிற் கண்டவாறான காலக்குறிப்பைத் தனியே எழுதி வைத்தல் வேண்டும். தாளும் அச்செழுத்தும் விலைக்குறிப்பும் இரு வட்டங்களுள் எது என்பதைத் துணியத் துணைபுரியும். அதற்கு நூல் கையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, எழுத்து. ஒருங்குறியில் தமிழ் 1991ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றுவிட்டது. எனினும் அதன்பின் நெடுங்காலம் தனித்தனிக் குறிமுறைகளே வழக்கில் இருந்தன. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற 'தமிழ்நெட் 99' மாநாடும் 2001ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாடும் அக்காலத்துக் குழப்பத்தைத் தீர்க்கும் முயற்சிகளே. அக்குறிமுறைகளில் உள்ளிடப்பட்ட பழைய பட்டியல்கள் மாற்றப்படாவிட்டால் இன்று வெறுங்கோலங்களாகவே காட்சியளிக்கும். ஒருங்குறியிலும் அகரவரிசைச் சிக்கல் முற்றிலும் அகலவில்லை. குறியெண் வரிசையில் 'ன' எழுத்து 'ந' எழுத்தை அடுத்து, 'ப' எழுத்திற்கு முன்பாக நிற்கின்றது. 'ற' எழுத்து 'ர' எழுத்தை அடுத்து வருகின்றது. மெய்யெழுத்தின் புள்ளி, உயிர்க்குறிகளுக்குப் பின் வைக்கப்பட்டுள்ளது. ஆகவே, வெறும் குறியெண்ணைக் கொண்டு வரிசைப்படுத்தும் மென்பொருள், மெய்யை முதலிற் கொள்ளும் நம் அகராதி மரபுக்கு மாறான வரிசையைத் தரும். தமிழ் வரிசை விதியை அறிந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதே இதற்குத் தீர்வு.

நான்காவது, பொருட்பகுப்பு. தூயி தசமப் பகுப்பில் தமிழ் இலக்கியத்திற்குரிய எண் 894.811. உரால், அல்த்தாயிக் மொழிகளின் இலக்கியங்களோடு திராவிட இலக்கியங்களும் 894 என்னும் ஒரே கூரையின்கீழ் ஒதுக்கப்பட்டுள்ளன. தமிழகத்து நாவலும் நெகிரி செம்பிலான் தோட்டத்து நாவலும் இவ்வெண்ணில் வேறுபாடின்றி நிற்கும். மலேசியத் தமிழிலக்கியம் என ஒன்று உண்டு என்பதை எண் மட்டும் உணர்த்தாது. பொருட்சொற்களிலும் இதே நிலை. 'இரப்பர்த் தோட்டம்', 'தொழிலாளர்' என்னும் பொதுச்சொற்கள் போதுமெனக் கருதினால், பெரட்டு, கங்காணி, கிராணி, தண்டல், ஆயாக்கொட்டகை, ஒட்டுப்பால், மங்கு, லயம் முதலிய சொற்களின் வழி ஒரு நூலைத் தேடி வருவோர் அதனைக் கண்டடைய மாட்டார். தோட்ட வாழ்வை அச்சொற்களே தாங்கி நிற்கின்றன. பொதுச்சொல்லோடு அவற்றையும் குறிச்சொற்களாகச் சேர்த்தல் தகும்.

5. கையால் தொகுத்தோர் கண்ட நெறி

இயந்திரத்தின் துணையின்றி நம் முன்னோர் செய்த பணியை இவ்விடத்தில் நினைவுகூர்தல் பொருந்தும். ஜான் மர்டாக் 1865ஆம் ஆண்டு வெளியிட்ட தமிழ் அச்சு நூல்களின் வகைப்படுத்திய பட்டியலும், பார்னெட்டும் போப்பும் 1909ஆம் ஆண்டு வெளியிட்ட பிரித்தானிய அருங்காட்சியகத் தமிழ் நூற்பட்டியலும் இத்துறைக்கு அடித்தளமிட்டவை. மலேசியாவில் இப்பணி மலாயாப் பல்கலைக்கழகத்தோடு நெருங்கிய தொடர்புடையது. 1956ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பெற்ற இந்திய ஆய்வியல் துறையில் 1961 முதல் பணியாற்றிய தனிநாயக அடிகளார், தமிழாய்வுக்குரிய நூல்களின் வழிகாட்டி ஒன்றை 1966ஆம் ஆண்டு தொகுத்து வெளியிட்டார். வத்திக்கான் நூலகத்தில் தாம் கண்டெடுத்த, 1679ஆம் ஆண்டில் அச்சான புரோயென்சாவின் தமிழ்-போர்த்துக்கீச அகராதியையும் அவ்வாண்டே துறையின் வெளியீடாக மறுபதிப்புச் செய்தார். அவ்வகராதி தொலைந்து போகவில்லை. புகழ்பெற்ற நூலகத்தில்தான் இருந்தது. அது யாது என்று அறிந்து சொல்லக்கூடிய ஒருவர் அதனைக் கையிலெடுக்கும்வரை தமிழுலகிற்கு அஃது இல்லாததாகவே இருந்தது. நூலடைவின் அடிப்படை உண்மை இதுவே.

இராம. சுப்பையா தொகுத்து 1969ஆம் ஆண்டு மலாயாப் பல்கலைக்கழக நூலகம் வெளியிட்ட 'தமிழ் மலேசியானா' இந்நாட்டுத் தமிழ் நூலடைவின் முதன்மைச் சான்று. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் அது பட்டியலிடுகின்றது. நூல்களைக் காக்கும் சட்டம் 1966ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, தேசிய நூற்பட்டியல் 1967ஆம் ஆண்டு நூல்களிலிருந்தே தொடங்கியது. ஆகவே, அதற்கு முற்பட்ட தமிழ் நூல்களைத் தேடுவோர்க்கு இத்தொகுப்பின் தேவை பெரிது. 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம் அச்சு நூல்களின் படிகளைத் தேசிய நூலகத்திற்கு அளிக்குமாறு பணிக்கின்றது. எனினும், சட்டம் இருப்பதனால் மட்டும் ஒரு தோட்டத்துக் கோயில் மலர் தலைநகரை எட்டிவிடுவதில்லை.

பல்கலைக்கழகத் தமிழ் நூல் தொகுதிக்கும் தோட்டத்திற்கும் உள்ள உறவு வேறொரு வகையிலும் கருதத்தக்கது. ஐம்பதுகளில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதித் திட்டத்தின்வழி மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்கள் இடம்பெறுவதற்காகப் பொதுமக்களிடம் பொருள் திரட்டினார். உழைக்கும் மக்களும் அதற்கு ஈந்தனர். அம்மக்கள் ஈந்த பொருளால் வாங்கிய நூல்கள் முறையாக அடைவுபடுத்தப்பட்டன. அம்மக்களே எழுதியும் வாங்கியும் படித்தும் வைத்திருந்த நூல்களுக்கு அப்பேறு கிட்டவில்லை. இக்கடனைத் தீர்க்கும் பொறுப்பு கல்வியாளர்க்கு உண்டு.

கவிதைத் துறையில் முரசு நெடுமாறன் ஆற்றிய பணி இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1997ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' 1887 முதல் 1987 வரையிலான ஒரு நூற்றாண்டுக் கவிதைகளை ஒன்றுதிரட்டியது. தேடித் திரட்டிய உழைப்பால் ஆன தொகுப்பு அது. அவருடைய மைந்தர் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை ஆக்கித் தமிழ்க் கணிமைக்குத் தொண்டாற்றியவர். தேடிச் சேர்க்கும் உழைப்பும் கணிமையும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதற்கு அக்குடும்பமே சான்றாகின்றது. சிறுகதைத் துறையில் ந. பாலபாஸ்கரனின் 'மலேசியத் தமிழ்ச் சிறுகதை' என்னும் ஆய்வு, நாளிதழ்ப் பக்கங்களைத் தேடிப் படிப்பதன் இன்றியமையாமையை உணர்த்தியது. 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசன் போன்ற நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகளிலேயே மலேசியச் சிறுகதை வளர்ந்தது. ஒரு நாளிதழின் உள்ளே இருக்கும் கதைக்குப் பட்டைக்குறி ஏது?

இலங்கைத் தமிழரிடையே என். செல்வராஜா தொகுத்துவரும் 'நூல்தேட்டம்' தொகுதிகள் நல்லதொரு முன்மாதிரி. தொகுதிக்கு ஆயிரம் நூல்கள் எனக் கொண்டு, பக்க எண்ணிக்கை, நூலின் அளவு, விலை, அச்சகம், சிறு குறிப்புரை ஆகியவற்றையும் அவர் தருகின்றார். அச்சகத்தின் பெயரைப் பதிவது சிறு விவரமாகத் தோன்றலாம். பதிப்பகமின்றி ஆசிரியரே வெளியிட்ட நூலுக்கு அச்சகமே நூல் பிறந்த இடத்தைக் காட்டும் ஒரே தடயம். வணிகத் தரவுத்தளங்களோ பதிப்பகத்தை மட்டுமே கேட்கின்றன. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் நூல்களுக்கும் அவர் தனித்தொகுதி கண்டமை நமக்குப் பெருந்துணை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டதில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. இழப்பின் அளவை அறிந்த சமூகத்திலிருந்து இத்தகைய நூலடைவும், 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகமும் எழுந்தமை எண்ணிப் பார்க்கத்தக்கது. தோட்டப்புற நூல்கள் ஒரே இரவில் எரியவில்லை. ஆண்டுதோறும் சிறுகச் சிறுக மறைகின்றன. அதனால் அவ்விழப்பைக் கணக்கிடுவோரும் இலர்.

6. கருவிக்குரிய இடம்

மேற்கூறியவற்றால் வருடியையும் மென்பொருளையும் ஒதுக்க வேண்டும் என்பது பெறப்படாது. அவற்றிற்கு உரிய இடம் யாது என்பதே வினா. பட்டைக்குறிக்கு இருவேறு பயன்கள் உள்ளன. ஒன்று, பின்னட்டையில் அச்சிடப்பட்ட நூல் எண். இது பதிப்பை அடையாளங்காட்டும். அப்பதிப்பின் ஆயிரம் படிகளுக்கும் ஒரே எண்தான். மற்றொன்று, நூலகம் தானே அச்சிட்டு இணைக்கும் உடைமைக்குறி. இது தனிப்படியை அடையாளங்காட்டும். தோட்டப்புற நூல்களுக்கு முதலாவது பயன் மிகக் குறைவு. இரண்டாவது பயனோ மிகப் பெரிது.

பெட்டியிலுள்ள ஒவ்வொரு மலருக்கும் சிறுநூலுக்கும் ஓர் உடைமைக்குறி அளித்தால், அதன் விவரிப்பும் ஒளிப்படமும் வைக்கப்பட்ட இடமும் அவ்வொரு குறியால் இணையும். பழைய தாளின்மேல் ஒட்டுப்பசை படலாகாது; அமிலமற்ற தாள் சீட்டில் குறியை அச்சிட்டு நூலின் உள்ளே வைப்பதே தகும். படிக்குரிய செய்திகளையும் இங்கேயே பதிய வேண்டும். முதற்பக்கத்திலுள்ள மன்ற முத்திரை, 'அன்பளிப்பு' என்னும் கையெழுத்து, போட்டியிற் பரிசாகப் பெற்ற குறிப்பு, இரவல் பெற்றோர் நாட்களைக் குறித்த தாள், ஓரத்திற் படித்தவர் இட்ட கோடு ஆகியன யாவும் அச்சான நூலைப் பற்றியன அல்ல. அந்நூல் அத்தோட்டத்தில் வாழ்ந்த வாழ்வைப் பற்றியன. மு.வ.வின் நாவல் உலகெங்கும் கிடைக்கும். அதனைப் பால்வெட்டு முடித்து வந்து மாலையில் படித்தவர் இட்ட குறிப்பு அவ்வொரு படியில் மட்டுமே உண்டு. பட்டைக்குறியை வருடிப் பெறும் ஆயத்தக் குறிப்பில் இச்செய்தி ஒருநாளும் வராது.

நடைமுறையில் நான்கு நெறிகளைப் பரிந்துரைக்கலாம். ஒன்று, பணியின் வரிசையை மாற்றுதல்: கையெழுத்துப் படிகள், மலர்கள், சொந்தப் பதிப்புகள், நூல் எண்ணில்லாத பழைய நூல்கள் ஆகியவற்றை முதலில் விவரித்துவிட்டுப் பட்டைக்குறி உள்ளவற்றை இறுதியில் வருடுதல். இரண்டு, பெறப்பட்ட ஒவ்வொரு குறிப்பையும் நூலின் தலைப்புப் பக்கத்தோடும் அதன் பின்பக்கத்தோடும் ஒப்பிட்டுத் திருத்துதல்; தலைப்பையும் பெயரையும் தமிழ் எழுத்திலேயே இட்டு, ஒலிபெயர்ப்பைத் துணை வடிவமாகக் கொள்ளுதல். மூன்று, அச்சகம், காலக்குறிப்பு, முத்திரை, வட்டாரச் சொற்கள் ஆகியவற்றிற்கு எல்லாரும் ஒரே முறையைப் பின்பற்றுதல். ஒருவர் 'பெடாஸ்' என்றும் மற்றொருவர் 'பெடாசு' என்றும் எழுதினால் தேடல் இரண்டாகப் பிளவுபடும். நான்கு, தரவைப் பொதுவான வடிவத்தில் ஏற்றுமதி செய்து பல இடங்களில் வைத்தல். மென்பொருள்கள் தோன்றி மறையும் இயல்பின. ஹென்றியெட் அவ்ராம் 1960களில் வகுத்த மார்க் என்னும் பதிவு வடிவம் இன்றும் வாழ்வதற்கு அது எந்த ஒரு நிறுவனத்தின் மென்பொருளையும் சார்ந்திராமையே காரணம்.

இந்நெறிகள் நேரத்தை மிகுதியும் வேண்டுவன என்னும் எதிர்வாதம் எழக்கூடும். சீர்காழியிற் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன் 1931ஆம் ஆண்டு வகுத்த நூலகவியல் விதிகள் ஐந்தனுள் ஒன்று நேரச் சேமிப்பைப் பற்றியது. எனினும் அவர் கருதியது வாசகரின் நேரத்தையே. பட்டியலிடுவோர் இன்று சேமிக்கும் பத்து நிமிடம், நாளை ஆய்வாளர் ஒருவரைப் பத்து மாதம் அலைய வைக்குமாயின் அதனைச் சேமிப்பென்று கூறுதல் பொருந்தாது.

7. முடிவுரை

பட்டைக்குறி வருடியும் நூலடைவு மென்பொருளும் முன்னரே விவரிக்கப்பட்ட நூல்களை விரைந்து திரட்டவும், விவரித்தவற்றைக் காக்கவும், பிறரோடு பகிரவும் உதவுவன. விவரிக்கும் பணியை அவை மேற்கொள்வதில்லை. மலேசியத் தமிழ் நூல்களுள், அதிலும் தோட்டப்புறத்தில் எஞ்சியவற்றுள், கணிசமானவை இன்னும் முதல் விவரிப்பையே பெறாதவை. அவற்றிற்கு வேண்டியது தமிழெழுத்தையும் தோட்டத்துச் சொல்லையும் ஒருங்கே அறிந்த ஒருவரின் கண்.

அத்தகையோர் நம்மிடையே உள்ளனர். தோட்டத்திற் பிறந்து பல்கலைக்கழகம் வந்த மாணவர்கள் இளங்கலை ஆய்வேட்டிற்குத் தம் வட்டாரத்து நூல்களின் விவரிப்பு அடைவைத் தலைப்பாகக் கொள்ளலாம். பெடாஸ், ரெம்பாவ், லிங்கி, தம்பின் என வட்டாரத்திற்கு ஒருவராக நெகிரி செம்பிலான் முழுவதையும் பகிர்ந்துகொள்ளலாம். 1969ஆம் ஆண்டின் 'தமிழ் மலேசியானா' தன்னைச் சரிபார்ப்புப் பட்டியல் என்றே அடக்கமாக அழைத்துக்கொண்டது. சரிபார்க்கவும் கூட்டிச் சேர்க்கவும் பின்வருவோர்க்கு விடுத்த அழைப்பாகவே அப்பெயரைக் கொள்ளல் வேண்டும். பழைய நூல்களை அறிந்து சொல்லக்கூடிய முதியோர் இன்னும் தோட்டங்களிலும் தோட்டத்தை விட்டுப் பெயர்ந்த குடியிருப்புகளிலும் வாழ்கின்றனர். முத்திரையைக் கண்டு மன்றத்தையும், புனைபெயரைக் கண்டு ஆளையும் அவர்களால் கூற இயலும். அவர்கள் இருக்கும்போதே இப்பணி தொடங்கப்பெறல் வேண்டும்.